ஜாங்கிரி வாத்தியாரின் கண்ணீர்

மனுஷர் வாடையே படாத ஊர் ஒன்று எங்கேயோ இருந்தது. தட்டுமுட்டூர் என்று பெயர். அங்கே பண்ட பாத்திரங்கள், மேசை நாற்காலிகள், வாத்தியங்கள் எல்லாம் தாங்களே குடித்தனம் பண்ணிக்கொண்டு, தாங்களே சண்டை போட்டுக்கொண்டு, தாங்களே சமாதானமும் ஆகிக்கொண்டு சௌகரியமாக இருந்தன. மனுஷர்கள் இல்லாததால் ஏதாவது ஒரு காரியம் நின்றுபோனதாகத் தகவல் இல்லை.

அந்த ஊரில் பெரிய வாத்தியக் குழு ஒன்று உண்டு. வயலின்கள் முன்னால், குழல்கள் நடுவில், பித்தளைக்காரர்கள் பின்னால், முரசு கடைசியில். எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஒரே நேரத்தில் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். குழுவின் தலைவர் சதாசிவம் என்கிற சாய்வு நாற்காலி. தலைவர் பதவிக்கு நாற்காலியைப் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்? அவருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் சாய்ந்தபடி கேட்கத் தெரியும், அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நம்ம கதைக்காரர் பின்வரிசை ஆசாமி. பெயர் சுருளப்பன். பிரெஞ்சு ஹார்ன் என்கிற ஊதுவாத்தியம். ஜாங்கிரி பிழிந்தது போலப் பித்தளை உடம்பு சுற்றிச் சுற்றி வளைந்து, கடைசியில் ஊமத்தம்பூ மாதிரி அகலமாக விரிந்திருக்கும். அவரை நீட்டி நிமிர்த்தினால் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடை வரைக்கும் வருவார் என்று ஊரில் ஒரு பேச்சு. நிமிர்த்திப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. காலையில் வீட்டில் ஊதக் கற்றுக்கொடுப்பார், சாயங்காலம் குழுவில் ஊதுவார். முகத்துக்கு நேரே வாத்தியார், முதுகுக்குப் பின்னால் ஜாங்கிரி. இரண்டும் சேர்ந்து ஜாங்கிரி வாத்தியார் என்றே ஆகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அவர் ஊதினால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் முரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டால் யார் காதில் விழும்? கச்சேரி முடிந்தால் மாலை விழுவதெல்லாம் குழுவை முன்னால் நின்று நடத்துகிறவர் கழுத்தில்தான். அந்த மாலையின் மேல் வாத்தியாருக்கு ஒரு கண். வெளியில் மூச்சு விடமாட்டார். ஆனால் கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, மாலை போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தன் கழுத்தை ஒருதரம் தடவிக்கொள்வார்.

இங்கே வாத்தியாருடைய தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊதுகிற மூச்சு பித்தளைக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராக நின்றுவிடும். அவ்வப்போது வடித்துவிடாவிட்டால் அடுத்து வருகிற சுரம் கொளகொளக்கும். எக்காளங்களுக்குத் தண்ணீர் வடிக்க அடியில் சின்ன மூடி உண்டு, ஒரு விரலால் அமுக்கினால் யாருக்கும் தெரியாமல் வேலை முடிந்துவிடும். வாத்தியாருக்கு அந்த வசதி இல்லை. உடம்பு முழுக்க வளைவு என்பதால் இப்படிப் புரண்டு, அப்படிக் கவிழ்ந்து, தோளைக் குலுக்கி, ஒவ்வொரு வளைவிலிருந்தும் தண்ணீரை உருட்டிக் கொண்டுவந்து வாய் வழியாகச் சொட்டவிட வேண்டும். தன்னிடம் படிக்க வருகிற யாருக்கும் அவருடைய முதல் பாடம் இதுதான். வடிக்க வெட்கப்படாதே என்பார்.

அந்தச் சமயத்தில் குழுவை நடத்திக்கொண்டிருந்த பிரம்பு பிச்சாண்டிக்குக் கரையான் பிடித்துவிட்டது. கையை வீசினால் பாதி கை முன்வரிசையில் போய் விழுந்தது. அவர் ஓய்வு எடுத்துக்கொண்டார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கத் தலைவர் சதாசிவம் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார், வழக்கம்போல் முதல் பாட்டிலேயே தூங்கிவிட்டார். கடைசிப் பாட்டு ஒரு சோகப் பாட்டு. அது முடிந்து எல்லாரும் அமைதியாக இருந்த நேரத்தில் தலைவர் கண் விழித்தார். விழித்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது பின்வரிசையில் புரண்டு, கவிழ்ந்து, தோள் குலுங்க, சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டிருந்த ஜாங்கிரி வாத்தியார்.

தலைவருக்கு உடம்பெல்லாம் கிரீச்சிட்டது. எல்லாரும் வாசித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்க்கிறார்கள், இந்த ஒரு ஜீவன் மட்டும் பாட்டு முடிந்தும் அழுதுகொண்டிருக்கிறதே என்று நாத்தழுதழுக்கச் சொன்னார். இவ்வளவு பெரிய மனசைப் பின்வரிசையில் போட்டு வைத்த பாவத்துக்கு ஊரே பதில் சொல்ல வேண்டும் என்றார். அப்புறம் கேட்டார், “வாத்தியாரே, நீங்களே முன்னாடி வந்து நில்லுங்க. சம்மதமா?”

ஐயா, அது தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறக்கத்தான் பார்த்தார். திறந்தால் வேலை போய்விடும், மூடினால் வேலை வந்துவிடும். எந்தப் பைத்தியம் திறக்கும்? வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கத்தைப் பாருங்கள் என்று அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது. எக்காளங்களுக்கு உண்மை தெரியும். ஆனால் பித்தளைக்காரன் ஒருத்தன் முன்னுக்கு வருகிறான், நாமே ஏன் கெடுக்க வேண்டும் என்று அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆக, ஜாங்கிரி வாத்தியார் கையில் குச்சியோடு முன்னால் போய் நின்றார். கை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நாற்காலிக்குத் தலைவர் பதவி என்றபோது பேசாமல் தலையாட்டினீர்கள் அல்லவா, இதற்கும் ஆட்டுங்கள்.

முதல் கச்சேரி நன்றாகவே போனது. அவருக்கு விஷயம் தெரியும். யார் எங்கே நுழைய வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கடைசிப் பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டைகள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தன. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று வாத்தியாருக்குச் சட்டென்று புரிந்தது. ஊதினால்தானே உள்ளே தண்ணீர் நிற்கும்? முன்னால் நிற்கிறவர் கையை வீசுவதோடு சரி, அவர் மட்டும் சத்தமே போடக்கூடாது. வாத்தியார் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தார். கவிழ்ந்து பார்த்தார், குலுங்கிப் பார்த்தார், ஒரு சொட்டு வரவில்லை. இன்றைக்கு மனசு இளகலையோ என்று தலைவர் வருத்தமாகக் கேட்டார். மனசு இளகாதவரை முன்னால் நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று பக்கத்து ஸ்டூலிடம் அவர் சொன்னதும் வாத்தியார் காதில் விழுந்தது.

அடுத்த கச்சேரிக்கு முன்னால் வாத்தியார் தன் வீட்டுச் சொம்பைக் கூப்பிட்டார். செல்லாயி என்று பெயர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே ஊற்று என்றார். எதற்கு என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அவள் சொன்னாள், “தண்ணி ஊத்துறது என் பொழப்பு வாத்தியாரே, ஊத்திடறேன். ஆனா தண்ணிய வயித்துல வச்சுக்கிட்டு நிக்கிறது உங்க பொழப்பு இல்லையே.” வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைக் காட்டினார். அவள் ஊற்றினாள்.

அன்றைக்குக் கடைசிப் பாட்டு முடிந்ததும் வாத்தியார் கவிழ்ந்தார். மளமளவென்று வடிந்தது. சபையே தேம்பியது. கைக்குட்டைகள் ஒன்றை ஒன்று பிழிந்துகொண்டன. தலைவர் தானே எழுந்து வந்து மாலை போட்டார். நாற்காலி எழுந்து நின்றதை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறமென்ன, ஏறுமுகம்தான். வயிற்றில் தண்ணீரோடு கையை வேகமாக வீசினால் பாதியிலேயே சிந்திவிடும். அதனால் வாத்தியார் எல்லாப் பாட்டையும் நத்தை நடையில் நடத்தினார். ஊரில் கச்சேரி விமர்சகர் ஒரு வெற்றிலைச் செல்லம். எதையும் நன்றாக மென்றுதான் துப்புவார். அவர் இந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நிதானம், என்ன ஆழம் என்று எழுதிவிட்டார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? ஒரு கல்யாண ஊர்வலத்தில் வரவேற்புப் பாட்டு அவ்வளவு நிதானமாகப் போனதில் மாப்பிள்ளை ஆட்டுக்கல் பாதி வழியில் தூங்கிவிட்டார், மணப்பெண் குழவி தனியாகவே மணவறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அதையும் ஆழம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு நாள் அவசரத்தில் செல்லாயி தன்னைக் கழுவாமல் வந்துவிட்டாள். அன்று மத்தியானம் அவளுக்குள் ரசம் இருந்திருக்கிறது. கச்சேரி முடிவில் வாத்தியார் கண்ணீர் விட்டபோது கூடவே ஒரு கறிவேப்பிலையும் வந்து விழுந்தது. வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் சதாசிவம் அந்த இலையைப் பார்த்துவிட்டு, துக்கம் எவ்வளவு ஆழத்திலிருந்து புறப்பட்டு வருகிறது பாருங்கள், வேரோடு இலையோடு வருகிறது என்றார். கறிவேப்பிலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து சபா வாசலில் மாட்டிவிட்டார்கள்.

மாலை குவிந்தது, பட்டம் வந்தது. வாத்தியார் தலைகால் புரியாமல் இருந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது பாதிதான் உண்மை. தண்ணீரைச் சுமக்கிற நாளில் ஊத முடியாது, சுமக்காத நாளில் அடுத்த கச்சேரிக் கவலை. முன்னால் வந்து நின்ற நாளிலிருந்து அவர் ஒரு சுரம்கூட ஊதவில்லை. சில சமயம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஹார்னுக்கான இடம் வரும், பின்வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருக்கும், பாட்டில் அந்த இடம் பொக்கைப் பல் மாதிரித் திறந்து கிடக்கும். அப்போது அவர் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

அந்தக் காலி நாற்காலிக்காகத்தான் ஒரு நாள் காலை ஒரு தம்பதி வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மனைவி அன்னப்பழம், எண்ணெய்க்கடைப் புனல். புருஷன் வேலாண்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய். இரண்டு பேருக்கும் பேரன் பேத்தி எடுத்துவிட்ட வயசு. வாத்தியார் ஊதி ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்களாம், தாங்களும் ஊத வேண்டுமாம். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. தனித்தனியாக ஊதச் சொன்னார். அன்னப்பழம் ஊதினால் பூ என்றது, வேலாண்டி ஊதினால் புஸ் என்றது. போனால் போகிறதென்று, சேர்ந்து ஊதிப் பாருங்கள் என்றார். வேலாண்டி ஒரு சுற்றுச் சுருண்டு மனைவியின் காம்போடு வந்து பொருந்தினான். அப்போது வந்த ஓசையைக் கேட்டு வாத்தியார் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டது.

அன்றிலிருந்து தினமும் வந்தார்கள். அவர்களுக்குள் சண்டை வந்தால் இணைப்பில் காற்றுக் கசிந்து சுரம் சிதறும், சமாதானமானால் நிற்கும். அதனால் பாடத்தில் பாதி நேரம் வாத்தியார் பஞ்சாயத்துப் பண்ண வேண்டியிருந்தது. ஊதுவதற்கு முன்னால் சுரத்தை மனசுக்குள் கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நம்ம வாத்தியத்துக்கு ஊதுகிறதைவிடச் சும்மா இருக்கிறதுதான் அதிகம், சும்மா இருக்கும்போதும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வாத்தியாரே, நீங்க ஒரு தடவை ஊதிக் காட்டுங்களேன் என்று அன்னப்பழம் கேட்கும்போது மட்டும், இன்றைக்குக் கச்சேரி இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நழுவிவிடுவார்.

கொஞ்ச நாளில் தம்பதிக்குக் குழுவில் அந்த இடம் கிடைத்தது. முதல் ஒத்திகை. தலைவர் சதாசிவம் பக்கத்திலேயே சாய்ந்திருந்தார். இருவரும் நன்றாக ஊதினார்கள். முடிந்ததும், முதல் பாடத்தில் படித்தபடி, வேலாண்டி உடம்பை உதறினான், அன்னப்பழம் கவிழ்ந்தாள். தரையில் ஒரு குட்டை தேங்கியது. வேலாண்டி நீளமான ஆசாமி அல்லவா, தண்ணீரும் அதற்குத் தகுந்தபடி இருந்தது.

தலைவர் குட்டையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். இவர்களும் அழுகிறார்களா என்று கேட்டார். அவர் குரலில் முதன்முதலாக ஒரு சந்தேகம் இருந்தது.

புது ஆட்கள், தோட்டத்துத் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும் என்று வாத்தியார் ஏதோ உளறிச் சமாளித்தார். ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் மேடையில் நாலு தடவை வடித்தால் போதும், ஹார்னிலிருந்து வருவது வெறும் மூச்சுத் தண்ணீர் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பதவி, மாலை, பட்டம், கண்ணாடிப் பெட்டிக் கறிவேப்பிலை, எல்லாம் போய்விடும். அதுவும் இந்தச் சமயத்தில். புது மண்டபத் திறப்பு விழாக் கச்சேரி வருகிறது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தலைவர்கள் வருகிறார்கள்.

மறுநாள் பாடத்தில் அவர் இருவரையும் உட்காரவைத்து, மேடையில் தண்ணீர் வடிக்கக் கூடாது என்றார்.

அன்னப்பழம் குழம்பிப்போனாள். “வடிக்காட்டி கொளகொளங்குமே வாத்தியாரே. நீங்கதானே சொன்னீங்க.”

“சின்ன இடத்துலதான் அப்படி. பெரிய மண்டபத்துல காத்து வேற. அங்க கொளகொளங்காது.”

வாத்தியாரே சொல்லிவிட்டார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் தலையாட்டினாள். எனக்கு ஒரு யோசனை என்று வேலாண்டி ஏதோ ஆரம்பித்தான், வாத்தியாருக்கு மேல உமக்கு என்ன தெரியும் என்று அவள் அடக்கிவிட்டாள். அவர்கள் போன பிறகு வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பச்சைப் பொய் என்று அவருக்குத் தெரியும். இத்தனை காலம் கற்றுக்கொடுத்ததில் அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

திறப்பு விழா வந்தது. முன்வரிசையில் சிங்காரபுரத்துச் சிம்மாசனம், எங்கும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ஊஞ்சலூர் ஊஞ்சல், நீளமாக இருப்பதால் நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்ட பள்ளிக்கூட பெஞ்சு என்று பெரிய மனுஷர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மனுஷர்கள் என்பது ஒரு பேச்சுக்கு. பின்னால் எண்ணெய்க்கடை ஜனங்கள் முழுக்க வந்திருந்தார்கள். படி, உழக்கு, எண்ணெய் டின்கள், எல்லாரும் அன்னப்பழம் ஊதுவதைப் பார்க்கக் கடையை மூடிவிட்டு வந்தவர்கள். செல்லாயி அன்றைக்கு முழுச் சொம்பும் ஊற்றியிருந்தாள். ஊற்றும்போது ஒன்றும் பேசவில்லை, அதுதான் வாத்தியாருக்கு உறுத்தியது.

கடைசிப் பாட்டு பெரிய பாட்டு. அதில் ஹார்ன் இடைவிடாமல் ஊத வேண்டும், பிறகு மற்ற எல்லாரும் ஓய்ந்துபோக, ஹார்ன் மட்டும் தனியாகக் கடைசிப் பகுதியை ஊத வேண்டும். தம்பதி சொன்னபடி கேட்டார்கள். எண்ணினார்கள், ஊதினார்கள், வடிக்கவில்லை. குழு ஓய்ந்தது. மண்டபம் முழுக்க அமைதி. அன்னப்பழமும் வேலாண்டியும் தனியாக ஆரம்பித்தார்கள்.

கொளக் கொளக் என்றது.

யாரோ காலையில் வாய் கொப்பளிக்கிற மாதிரியே இருந்தது. இன்னும் அழுத்தி ஊதினார்கள். அது இன்னும் பலமாகக் கொப்பளித்தது. டம்ளர்கள் முதலில் சிரித்தன, அப்புறம் பெஞ்சு, அப்புறம் சிம்மாசனமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எண்ணெய்க்கடை வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. படி தலையைக் குனிந்துகொண்டது. வேலாண்டி கூனிக் குறுகிப்போனான். அன்னப்பழம் ஊதுவதை நிறுத்திவிட்டு வாத்தியாரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வாத்தியார் தப்பித்திருப்பார். கோபமே இல்லை. நீங்கள் சொன்னபடிதானே செய்தோம், எங்கே தப்புப் பண்ணினோம் என்று கேட்கிற பார்வை. வாத்தியாரின் குச்சி அந்தரத்தில் நின்றது. சும்மா இருந்தால் போதும், பழி புனல் மேல் போய்விடும். எண்ணெய்க்கடைக்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று ஊர் சொல்லும், இவர் கவிழ்ந்து அழுதால் எல்லாம் சரியாகிவிடும், சிம்மாசனமே வந்து மாலை போடும். அவர் அதை நினைக்காமல் இல்லை. நன்றாகவே நினைத்தார். வெற்றிலைச் செல்லம் இதற்குள், என்ன ஒரு மௌனம் என்று மென்றுகொண்டிருந்தார்.

வாத்தியார் குச்சியைக் கீழே வைத்தார். சபையைப் பார்த்துத் திரும்பினார். மேடையிலேயே புரண்டு, கவிழ்ந்து, முழுச் சொம்புத் தண்ணீரையும் ஒரே அடியாகக் கொட்டினார். நேரம் வந்துவிட்டது என்று கைக்குட்டைகள் தேம்ப ஆரம்பித்தன.

“அழாதீங்க. இது தண்ணி,” என்றார் வாத்தியார்.

தேம்பல் கூடியது. அடக்கத்தைப் பாருங்கள் என்று சதாசிவம் விசும்பினார்.

“ஐயா, சொம்புத் தண்ணி. செல்லாயி ஊத்தினது. முதல் நாள் நீங்க பார்த்தது மூச்சுத் தண்ணி, ஊதுறவங்க எல்லாருக்கும் வர்றது. நான் உங்க முன்னாடி ஒரு நாளும் அழுததில்லை.” பிறகு பின்வரிசையைப் பார்த்தார். குரல் கொஞ்சம் பிசிறியது. “அன்னம், வேலாண்டி, நான் உங்களுக்குச் சொன்னது பொய். எந்த மண்டபத்திலயும் காத்து ஒண்ணுதான். வடிங்க.”

அவர்கள் வடித்தார்கள். வேலாண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உடம்பை உதறினான். தண்ணீர் மேடையிலிருந்து இறங்கிச் சிம்மாசனத்தின் காலை நனைத்தது, ஊஞ்சல் மட்டும் தப்பித்தது.

“எண்ணிட்டு ஆரம்பிங்க,” என்றார் வாத்தியார். கையில் குச்சி இல்லை. வெறும் கையால் காட்டினார்.

இந்தத் தடவை கொளகொளக்கவில்லை. எப்படி இருந்தது என்று வர்ணிக்க எனக்குத் தெரியாது. பின்வரிசையில் உழக்கு எழுந்து நின்றுவிட்டது, யாராவது கூப்பிட்டார்களா என்று டின்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. கைக்குட்டை ஒன்றுகூட நனையவில்லை. அழ மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே கூட்டம் போட்டார்கள். தலைவர் சதாசிவத்துக்குத் தாங்க முடியவில்லை. மற்றவர்களாவது கண்ணீர் விட்டு ஏமாந்தார்கள், நான் எழுந்து நின்றல்லவா ஏமாந்தேன் என்று புலம்பினார். வாத்தியாரை நீக்கினார்கள், கறிவேப்பிலையை இறக்கினார்கள். இனிமேல் கண்ணீர் விஷயத்தில் ஏமாறவே கூடாது, சோதித்துப் பார்த்த ஆளைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும் என்று முடிவு பண்ணி, ஒரு வெங்காயத்தை இசை நடத்துநராகப் போட்டார்கள். அவருக்குத் தாளம் தெரியாது, சுரம் தெரியாது. மேடைக்கு வந்து ஒரு தோலை உரித்தார். முன்வரிசை முழுக்கத் தாரை தாரையாக அழுதது. அடுக்கடுக்காக அர்த்தம் உள்ளவர் என்று வெற்றிலைச் செல்லம் எழுதினார்.

வாத்தியாருக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நானும் சதாசிவம் கட்சி ஆகிவிடுவேன். வருத்தம் இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது கழுத்து வெறிச்சென்று இருந்தது. பின்வரிசையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் முதல் நாற்காலி தம்பதியுடையது, இவருக்கு அதற்கு அடுத்த நாற்காலி. அதைவிடப் பெரிய சங்கடம், ஊதப் பயமாக இருந்தது. இத்தனை நாள் ஊதாத வாய் ஒத்துழைக்குமா, கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொண்டவர்கள் முன்னால் பிசிறினால் என்ன ஆவது என்று தயங்கினார். ஒத்திகையில் சும்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவார்.

ஒரு நாள் காலை தம்பதி வழக்கம்போல் பாடத்துக்கு வந்தார்கள். வெங்காயம் கையை எங்கே வீசுவார் என்று யாருக்கும் தெரியவில்லை, அவரைப் பார்க்காமலே வாசிக்கப் பழகிவிட்டோம் என்று வேலாண்டி சொல்லிச் சிரித்தான். அன்னப்பழம் நேராக விஷயத்துக்கு வந்தாள். இன்றைக்கு அந்தக் கடைசிப் பகுதியை மூன்று பேரும் சேர்ந்து ஊதலாம், நாங்கள் முதலில் ஆரம்பிக்கிறோம், இரண்டாவது வரியில் நீங்கள் வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றாள். சாக்குச் சொல்ல வாத்தியாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கச்சேரியும் இல்லை, வயிற்றில் தண்ணீரும் இல்லை.

அவர்கள் ஆரம்பித்தார்கள். வாத்தியார் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, தன் இடம் வரும் வரை எண்ணினார். முதலில் அவர்கள் எங்கே தப்புப் பண்ணுகிறார்கள் என்று வாத்தியாராகக் கேட்டார். பிறகு வெறுமனே கேட்டார். எண்ணிக்கை எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை. இரண்டாவது வரி வந்தது, போனது.

அன்னப்பழம் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “வாத்தியாரே, முதல்ல வடிச்சிட்டு அப்புறம் ஊதுங்க. சொட்டுது பாருங்க.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். தரை நனைந்திருந்தது. செல்லாயி அந்தப் பக்கமே வரவில்லை. அவரும் அன்றைக்கு இன்னும் ஊதவே ஆரம்பிக்கவில்லை.